65537-ஐ வகுத்த காலை

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். கட்டி பெரிதாகிவிட்டது, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலை நர்ஸ் வந்து அவள் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிட்டுப் போனார். அவள் பெயருக்குக் கீழே 65537 என்று இருந்தது.

அவள் உடனே கூட்டினாள். எங்கள் வீட்டில் எந்த எண்ணைக் கண்டாலும் கூட்டுவோம். கதவு எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று மந்தைவெளியில் காற்றோட்டமான ஒரு வீட்டை வேண்டாமென்று விட்டிருக்கிறோம்.

"இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு. இந்த நம்பரோட நான் உள்ள போக மாட்டேங்க," என்றாள்.

நம்பரை மாற்றித் தரும்படி கவுண்டரில் கேட்கச் சொன்னாள். நான் தி.நகரில் ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பவன். நானாகப் போய் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. வரிசையில் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாகச் சொன்னேன். அங்கிருந்த பெண் சிரிக்கவில்லை.

"எல்லா ரிப்போர்ட்டும் இந்த நம்பர்லதான் சார் இருக்கு. மாத்தினா அவங்க வேற ஆளாயிடுவாங்க."

திரும்பி வந்து சொன்னதும் அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தள்ளுவண்டியோடு வந்த வார்டுபாய் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு வழி தெரியாமல் போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். அந்த எண்ணுக்குள் நல்ல எண் ஏதாவது இருந்தால் அதைக் காட்டிச் சம்மதிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

"ஒன்பதால போகுதா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"புள்ளி வருது."

"ஏழு? பெருமாள் மலை ஏழுல்ல."

"அதுவும் புள்ளிதான்."

"ஆறு?"

"ஒத்தப்படைம்மா இது. ஆறால எப்படிப் போகும்?"

"வடபழனிக்காரரும் கைவிட்டாரா," என்றாள்.

பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்று போட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் புள்ளி. தன்னைத் தானே பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டும் எண் எதுவோ, அதுவரை வகுத்துப் பார்த்தால் போதும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. 256ஐ 256ஆல் பெருக்கினேன். 65536. ஒன்றுதான் குறைவு. அதுவரை இருந்த பகா எண்களையும் பொறுமையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இதைப் பிரிக்கவில்லை. இதுவும் ஒரு பகா எண்.

பிறகு, எதற்கென்று தெரியாமல், அந்த 65536ஐப் பாதியாக்கினேன். 32768. அதில் பாதி 16384. அப்புறம் 8192. எங்கும் புள்ளி வரவில்லை. பாதியில் பாதியாகப் போய்க்கொண்டே இருந்து ஒன்றில் வந்து நின்றது.

அவளிடம் சொன்னேன். "இதை எதாலயும் பிரிக்க முடியலம்மா. ஆனா ஒண்ணே ஒண்ணை எடுத்துட்டா, கடைசி வரைக்கும் ரெண்டு ரெண்டா உடைஞ்சு போயிடுது."

அவள் திரும்பினாள். போனை வாங்கி அவளே பாதி பாதியாக்கிப் பார்த்தாள். ஒன்று வந்ததும் நிறுத்தி, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டுபாய் மறுபடி வந்தபோது எழுந்து உட்கார்ந்தாள். வளையல்களைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"அப்ப அந்த ஒண்ணு நீங்கதான். எங்கயும் போகாதீங்க," என்றாள். "டீ குடிக்கக்கூட."

வண்டியில் ஏறிப் படுத்தாள். ஆபரேஷன் தியேட்டர் வரை கூடவே போனேன். அதன் கதவு மூடியது. வளையல்களைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பிற்பகலில் அவளை வெளியே கொண்டுவந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லும்வரை நான் எழுந்திருக்கவில்லை.