இடப்பக்கத்துப் பதக்கம்

கர்னல் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிட்டது. உண்மையில் அவர் கர்னலும் இல்லை, கர்னலுக்குப் பக்கத்தில் நின்றவரும் இல்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர், வைத்தவனுக்கே மறந்துபோய், மரியாதைப் பெயராக நிலைத்துவிட்டது. "நான் டிரைவருங்க, வெறும் டிரைவர்" என்று முதலில் திருத்திப் பார்த்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று அப்புறம் விட்டுவிட்டார். உள்ளூர அது அவருக்கு இனித்தது என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்று வந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, சாலைக் குறிகள் அச்சடித்த அட்டை, கீழே தெருவோரம் ஒரு பழைய வெள்ளைக் கார். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிற கார். கற்க வந்தவர்கள் கிளச்சை விடுவதற்குள் கர்னல் பட்டாளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். "கண்ணாடியப் பாருங்கம்மா. எங்க பட்டாளத்துல கண்ணாடி பாக்காதவனுக்கு அன்னிக்குச் சோறு கிடையாது!" மணி என்ன என்று கேட்டால்கூடப் பட்டாளத்தில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள் என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார். வங்கியில் வேலை பார்த்த ஓர் அம்மாள் லைசென்ஸ் வாங்கிய அன்று, "வண்டி ஓட்ட வருதோ இல்லையோ, சண்டைன்னு வந்தா நான் தயார் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையும் அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

பெருமையை ஒளித்துவைக்கத் தெரியாத மனிதர். வீட்டுக் கதவில் 'முன்னாள் ராணுவ வீரர்' என்று பித்தளைப் பலகை. அவருடைய சைக்கிளின் பின்னால்கூட அதே எழுத்துகள். ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் இருக்கிற பழைய பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் மைதானத்தில் கூடி, நினைவுத் தூண் வரைக்கும் அணிவகுத்து நடப்பார்கள். அன்றைக்கு நாலு பதக்கங்களையும் மார்பில் குத்திக்கொண்டு கர்னல் தெருவில் இறங்கினால், எதிரே வருகிறவர்கள் வழிவிடுவார்கள். பாதி மரியாதைக்கு, பாதி கதைக்குப் பயந்து.

ஆனால் அந்தக் கதைகளில் பொய் இல்லை. துப்பாக்கியைவிட ஸ்டியரிங்கைத்தான் அதிகம் பிடித்தேன் என்று அவரே சொல்வார். ரொட்டியும் தண்ணீரும் மலைமேல் கொண்டுபோனவர். அடிபட்டவர்களைக் கீழே கொண்டுவந்தவர். விளக்குப் போட்டால் எதிரி சுடுவான் என்பதால், முதுகில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவன் முன்னால் நடக்க, அந்தத் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டே பள்ளத்தாக்கு ஓரமாக லாரியை இறக்கியிருக்கிறார். பின்னால் முனகிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவரைக்கூட வழியில் சாகவிடவில்லை. அதைச் செய்த மனிதன் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

பதக்கம் குத்துவதில் அவரை யாரும் அசைக்க முடியாது. வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துத் திருத்துவார். அவரவர் வாங்கிய பதக்கம் அவரவர் இடது மார்பில். இறந்துபோன அப்பனோ அண்ணனோ பிள்ளையோ வாங்கியது என்றால், வீட்டார் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வலது மார்பில்தான். வலது பக்கம் தொங்கினால் இதன் சொந்தக்காரர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். "இது தெரியாம எதுக்கய்யா பட்டாளத்துல இருந்தீங்க?" என்று, தொப்பைக்கு மேல் பொத்தான் மாட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்த பெரிய பெரிய ஆட்களையெல்லாம் கேட்டிருக்கிறார்.

அவருக்கு ஒரே பையன். சின்ன வயதில் சோடா மூடிகளைச் சட்டையில் குத்திக்கொண்டு அப்பாவின் பின்னால் கையை வீசி வீசி நடப்பான். வளர்ந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. அம்மாவுக்கு அவன் மின்சார ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது. அழுதும் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். கர்னலா கேட்பவர்? அவனை அவரே ஆள் எடுக்கும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேர்வாகி வந்ததும், "புலிக்குப் பொறந்தது பூனையாகுமா?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகனும் டிரைவர்தான். அதே மாதிரி லாரி, அதே மாதிரி மலை.

மழைநாளில் ஒரு வளைவில் சாலை சரிந்தது. வண்டி பள்ளத்தில் போய்விட்டது.

மறுநாள் காலை, சீருடை போட்ட இருவர் வீட்டுக்கு வந்தார்கள். கர்னல் என்ன நினைத்தார் தெரியுமா? பழைய ஆள் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கதவிலேயே விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எந்தப் பிரிவு? அட, அங்கயா! அங்க நான் இருந்தப்ப ரோடே கிடையாது தம்பி" என்று ஆரம்பித்தவர், வெள்ளைத் துண்டுக் கதைக்கே போய்விட்டார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். டீ கொண்டுவந்த மனைவிதான் அவர்களுடைய முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, "ஏங்க, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். அப்புறம்தான் அவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றினார்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, அவள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "புலி புலின்னீங்களே. உங்க பெருமைக்குத்தான் என் புள்ளையைத் தூக்கிக் குடுத்தேன்." அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகனைப் பற்றிப் பேச்சே இல்லை. உப்பு வேண்டுமா, கதவைச் சாத்தியாச்சா, மழை வருகிற மாதிரி இருக்கிறதே, இவ்வளவுதான். ஒருவர் வாயைப் பார்த்து ஒருவர் பயந்து வாழ்ந்தார்கள். மகனுடைய பையோடு அவனுக்குக் கிடைத்த ஒரே பதக்கமும் வந்தது. மலையில் பணியாற்றியதற்கான பதக்கம். அதை அவள் ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பீரோவில் தன் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

கர்னல் கதவுப் பலகையைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். அணிவகுப்புக்குப் போவதை நிறுத்தினார். காரில் பட்டாளக் கதை நின்றுபோயிற்று. மூன்றாவது கியருக்கு மேல் யாரையும் போகவிடுவதில்லை. "அண்ணே, பரீட்சையில நாலாவது கியர் கேப்பாங்கண்ணே" என்று பள்ளி முதலாளி கெஞ்சினார். "கேட்டா கேக்கட்டும். மெதுவா போனா யாரும் சாக மாட்டாங்க" என்றார் கர்னல். காரில் ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் அவருடைய கால் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருந்தது.

இப்படியே சில வருஷங்கள் போயின. இந்த வருஷம் அணிவகுப்புக்கு முந்தின நாள், சாயங்காலம், கர்னல் வழக்கம்போலத் தன் நாலு பதக்கங்களையும் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். போகாவிட்டாலும் துடைப்பது மட்டும் விட்டுப்போகவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து போய், பீரோவிலிருந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதையும் தொடைங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குப் போங்க. இதையும் குத்திக்கிட்டுப் போங்க, நானும் வர்றேன்" என்றாள். "நானும் அவனைப் பத்திப் பேசறதில்ல, நீங்களும் பேசறதில்ல. தெருவுல கேக்கவே பயப்படறாங்க. இப்படியே போனா, அப்படி ஒருத்தன் இருந்தான்னே யாருக்கும் தெரியாது. நாலு பேர் பாக்கட்டும்."

அவள் தன்னை மன்னித்துவிட்டாளா, இல்லை ஊருக்காகச் சொல்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை. மலையில் விளக்கில்லாமல் லாரி ஓட்டியவருக்குச் சொந்த மனைவியிடம் ஒரு கேள்வி கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். கோட்டு இப்போது தோளில் தொளதொளவென்று கிடந்தது. நாலு பதக்கங்களையும் அவர் குத்தி முடித்ததும், அவள் அந்த ஐந்தாவதை எடுத்தாள். முறை, விதி எதுவும் தெரியாதவள். அவருடைய பதக்க வரிசையின் ஓரத்தில், அதே இடது பக்கத்தில், கோணலில்லாமல் குத்தினாள். "அப்பனும் புள்ளையும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்" என்றாள்.

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் திருத்திச் சொன்ன மனிதர். வாயைத் திறக்கவில்லை. "போலாமா?" என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வந்ததைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

மைதானத்தில் கயிறு கட்டி, அந்தப் பக்கம் குடும்பத்தார், இந்தப் பக்கம் பட்டாளத்தார் என்று பிரித்திருந்தார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கி நின்றார்கள். கர்னலைப் பார்த்ததும் பழைய ஆட்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வரிசை போட்ட பிறகு, முன்னாள் வீரர்கள் சங்கச் செயலாளர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். கர்னல் முன்னால் வந்ததும் நின்றார். எண்ணிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அது உங்க பையனோடதா?" என்றார்.

"ஆமா."

"இடது பக்கம் இருக்கேண்ணே."

கர்னல் நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் விட்டுடுவேண்ணே. எனக்குப் பின்னாடி பாக்க வர்றவங்க விட மாட்டாங்க. அடுத்தவன் மெடலைப் போட்டுக்கிட்டாருன்னு உங்களையே சொல்லிடுவாங்க. இந்த முறையெல்லாம் எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?" செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் மாத்திவிடவா?"

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

ஊசியைக் கழற்றினார். இடமிருந்து வலத்துக்கு ஒரு சாண் தூரம் இருக்குமா? அந்தத் தூரத்தைக் கடக்க அவருடைய கை மாட்டேன் என்றது. ஊசி விரலில் குத்தியது. மறுபடி குத்தினார். பக்கத்தில் நின்ற கிழவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாத்தியம் முழங்கியது, வரிசை நகர்ந்தது. கர்னலும் நடந்தார், கால் தப்பாமல், கை தப்பாமல், மற்ற எல்லோரையும்விட நன்றாகவே நடந்தார். கயிற்றுக்கு அப்பால் ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் தன்னைக் கடந்து போகும்போது மனைவி மட்டும் கைதட்டவில்லை. அவருடைய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து, பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கேட்டாள். "நான் இந்தப் பக்கம்தானே குத்தினேன்? யாரு மாத்துனது?"

"நான்தான்."

"ஏன்?"

சொன்னார். இடது பக்கம் யாருக்கு, வலது பக்கம் யாருக்கு என்று சொன்னார். ஒரு காலத்தில் ஊரையே கூட்டி உரக்கச் சொன்னதை, இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் வலது பக்கத்தில் இருந்த பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "காலையில உங்களுக்கு இது தெரியாதா?" என்றாள்.

"தெரியும்."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல? நாலு பேர் முன்னாடி நிக்கவெச்சு மாத்தச் சொல்லிட்டாங்களே. உங்களுக்கு அவமானமா இல்ல?"

"நீ அந்தப் பக்கம் குத்தினே பாரு" என்றார் கர்னல். "அந்தப் பக்கம்னா ஆள் இருக்கான்னு அர்த்தம்மா. வீட்டுலேர்ந்து மைதானம் வர்ற வரைக்கும் அவன் இருந்தான். நான் எதுக்கு என் வாயால இல்லன்னு சொல்லணும்?"

சொல்லி முடிக்கவில்லை, உடைந்துவிட்டார். மகனைச் சவப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்குக்கூட அழாத மனிதர், நட்ட நடுப்பகலில், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அழாதீங்க என்று சொல்லவில்லை. அவளும் அழுதாள். பஸ் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வலது பக்கத்திலிருந்த ஊசியைக் கழற்றி, காலையில் குத்திய அதே இடத்தில் மறுபடி குத்தினாள்.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த பஸ் கூட்டமாக வந்தது. யாரும் இடித்துவிடக் கூடாது என்று, அவருடைய மார்புக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டே அவளும் ஏறினாள்.