புஷ்பா டீச்சரின் ஸ்கிப்பிங் கயிறு

“சார், உங்க வகுப்புல பழைய ஸ்கிப்பிங் கயிறு ஏதாச்சும் இருக்கா?”

புஷ்பா டீச்சர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. இன்று காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது போனில் செய்தி வந்தது... டீச்சர் இறந்துவிட்டார்.

உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை.

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒன்றாக வேலை செய்தோம். நான் கணக்கு, அவர் ஆங்கிலம். அடுத்தடுத்த வகுப்பு, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அவர் நடத்துவது முழுக்க எனக்கும் கேட்கும்.

கயிறு எதற்கு என்று கேட்டேன்.

“சப்ஜெக்ட், பிரெடிகேட் சொல்லித் தரணும் சார். போர்டுல கோடு போட்டா பிள்ளைங்க கொட்டாவி விடுதுங்க.”

ஒரு சொல்லுக்கு ஒரு பிள்ளை. அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வாக்கியம் யாரைப் பற்றியதோ, அந்தப் பகுதி முடியும் இடத்தில் இன்னொரு பிள்ளை கயிற்றைத் தரையில் போட வேண்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ‘யார்’. அந்தப் பக்கம், அவரைப் பற்றி என்ன சொல்கிறோம் என்பது. அவ்வளவுதான் பாடம்.

The boy with the red bag is crying. ஒருவன் boy முடிந்ததுமே கயிற்றைப் போட்டுவிட்டான்.

“எந்த boy டா அழுறான்?”

“சிவப்பு பேக் வச்சிருக்கிறவன் டீச்சர்.”

“அப்ப பேக்கை ஏன்டா அந்தப் பக்கம் விட்டுட்டு வந்த? அதுக்கும் சேர்த்து அழுவான் லா!”

வகுப்பே சிரித்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சிரித்தார்கள். with, the, red, bag... நால்வரும் கயிற்றைத் தாண்டி boy பக்கம் வந்து நின்றார்கள்.

வாக்கியங்களை அவர் புத்தகத்திலிருந்து எடுக்க மாட்டார். “உங்க வீட்டுல நடக்கிறதைச் சொல்லுங்க” என்பார். My mother packs prawns. My brother snores like a lorry. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள்.

அதுதான் அவருக்கு வினையானது.

எங்கள் பள்ளிகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே கேள்வியையும் பதிலையும் கொடுத்து ஒத்திகை பார்த்துவிடுவோம். யார் கை தூக்க வேண்டும் என்பது உட்பட. புஷ்பா டீச்சர் மட்டும் செய்ய மாட்டார். “ஒத்திகை பார்த்தா எனக்கே தூக்கம் வரும் சார்.”

கல்வி அதிகாரி ஒருவர் வந்த அன்று பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் கூட வந்தார். போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருந்தவர். பள்ளி மண்டபத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதி வைத்தவர்.

டீச்சர் நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியிடம் வாக்கியம் கேட்டார்.

My father sleeps in the lorry.

father முடிந்ததும் கயிற்றையும் அவளே போட்டாள். மிகச் சரியான இடம்.

அதிகாரி நல்ல மனிதர். ஆசையாகத்தான் கேட்டார், “Why in the lorry?”

“Container late, sir. Boss says cannot go home.” பிறகு தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் தலைவரைக் காட்டினாள். “That uncle's lorry, sir!”

தலைவர் சிரித்தார். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் டீச்சரிடமிருந்து ஆங்கிலம் போய்விட்டது. பாடநூல் அறைக்கு ஆள் வேண்டுமாம், உடற்கல்விக்கும் ஆள் வேண்டுமாம். ஆறுதல் சொல்ல வந்தவர்களும் “முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கலாமே டீச்சர்” என்றுதான் சொன்னார்கள்.

ஓய்வு நேரத்தில் அந்தப் பிள்ளை பாடநூல் அறை வாசலுக்கு வந்தாள். நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

“டீச்சர், நான் சொன்னது தப்பா?”

“தப்பில்ல கண்ணு. கயிறு சரியாத்தான் போட்ட.”

“அப்புறம் ஏன் நீங்க எங்க வகுப்புக்கு வர மாட்டேங்கிறீங்க?”

டீச்சர் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

நான் நேரே தலைமையாசிரியரிடம் போனேன். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, டீச்சர் பிழையாக எதுவும் நடத்தவில்லை என்றேன். “சார், நீங்க கணக்கைப் பாருங்க லா” என்றார்.

பணி ஓய்வு பெறும்வரை டீச்சருக்கு ஆங்கில வகுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. வெயிலில் திடலில் நின்று பிள்ளைகளுக்கு ஸ்கிப்பிங் சொல்லிக் கொடுத்தார். அதே கயிறு. தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறு ஆசிரியை, புத்தகத்தைப் பார்த்து, போர்டில் கோடு போட்டு... அங்கிருந்து அப்புறம் சிரிப்புச் சத்தம் வரவில்லை.

இப்போது வாட்ஸ்ஆப்பில் ஓர் இரங்கல் படம் சுற்றுகிறது. ‘ஆங்கிலக் கல்விக்கே தன்னை அர்ப்பணித்த நல்லாசிரியை.’ முதலில் அனுப்பியவர் அதே தலைமையாசிரியர். அதன் கீழே முதல் ஆளாகக் கைகூப்பியிருப்பவர் அதே தலைவர். நாளை பெரிய மலர்வளையமும் அவருடையதாகத்தான் இருக்கும். பேசச் சொன்னால் பேசுவார். ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வருவார்.

போய் வாருங்கள், டீச்சர். பக்கத்து வகுப்பிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

இதைப் படிப்பவர்கள், இன்று உங்கள் பிள்ளையிடம் வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, ‘யார்’ முடியும் இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தாலும் மாற்றச் சொல்லாதீர்கள்.