சீன இளவரசன் கையால் சாப்பிட்ட கதை

தீபாவளி மலர் மிஷினில் ஏறிய காலை, சீனரான மிஷின்மேன் ஆ செங் முதல் தாளை எடுத்துப் பார்த்தார். உடனே மிஷினை நிறுத்திவிட்டுக் கை துடைக்கப் போய்விட்டார்.

ஐம்பதுகளின் கடைசி அது. சிராங்கூன் ரோட்டு அச்சகம் ஒன்றில் நான் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர். முதலாளியின் வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதையும் எழுதுவேன். மலர் விற்றுத் தீர்ந்தால் என் தொடரைப் புத்தகமாகப் போடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அட்டையில் என் பெயரைப் பார்க்காமல் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன்.

1. என் சீனா

தொடர், சீனத்து மாயாஜாலக் கதை. சீனாவை நான் பார்த்ததில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே இறங்கியவன். அதனாலென்ன? நூலகத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பயணப் புத்தகத்தை எடுத்துப் படங்களை மட்டும் பார்த்தேன். என் மந்திரவாதி தன் உயிரைக் கிளிக்குள் ஒளித்து வைத்திருந்தான். கிளிக்கு ஒரு சீனப் பெயர் வைத்ததும் என் ஆராய்ச்சி முடிந்தது. இளவரசி மெய் லான் வெட்கம் வந்தால் கால் கட்டைவிரலால் தரையைக் கீறுவாள். "சீனாவுக்கே போய் வந்தது போல இருக்கிறது" என்று வாசகர்கள் எழுதினார்கள். அவர்களும் போனதில்லை.

மலருக்கு, மெய் லானை இளவரசன் மணக்கும் கல்யாண விருந்துப் படம். "சாப்பிடுற குச்சி ரெண்டையும் சோத்துல நேரா நட்டு வைங்க, அப்பத்தான் எடுப்பா இருக்கும்" என்று ஓவியரிடம் சொன்னவன் நான்தான்.

2. நின்ற மிஷின்

"என்னா தம்பி, மிஷின் சத்தத்தையே காணோம்?" என்று முதலாளி ஓடி வந்தார்.

ஆ செங்குக்குத் தமிழ் வராது; எங்கள் மூவருக்கும் பொது, சந்தை மலாய்தான். அவர் சொன்னது, பேச்சில் ஒட்டியே வரும் 'லா'வோடு, தமிழில் இப்படி வரும்: "சோத்துல குச்சிய நட்டு வைக்கிறது செத்தவங்களுக்குப் படைக்கத்தான் லா. அதக் கல்யாணப் பொண்ணு முன்னால வச்சிருக்கீங்க. நான் அடிக்க மாட்டேன்."

"நம்ம ஆளுங்கள்ல யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியுமே. என் மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

முதலாளி அந்த முதல் தாளை மடித்துக் குப்பையில் போட்டார். நான் ரோஷத்தோடு, "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீ எங்க கேட்ட? எட்டு வருஷமா உன் எதிர்லதான சாப்பிடுறேன்."

வெட்கமாகிவிட்டது. தினமும் மத்தியானம் ஒரே பெஞ்சில் சாப்பிடுவோம். தின்று முடித்தால் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் படுக்க வைப்பார். அதைப் பார்த்துக்கொண்டே வெள்ளைக்காரரிடம் சீனாவைத் தேடியிருக்கிறேன்.

3. திருத்தம்

படத்துக்கு வேறு அச்சுப் பிளாக் செய்ய நேரமில்லை. இருந்த பிளாக்கிலேயே குச்சிகளை உளியால் செதுக்கி எடுத்தேன். மிஷின் ஓடியது. மலரில் மாப்பிள்ளையும் பெண்ணும் வெறுங்கையோடு சோற்றுக் கிண்ணத்தை நோக்கிப் பாய்ந்தார்கள். "சீனரும் நம்மைப் போலக் கையால் உண்பதை அறிந்து நெகிழ்ந்தோம்" என்று கடிதங்கள் குவிந்தன. மலர் தீர்ந்தது, புத்தகமும் வந்தது. இன்றுவரை அதை யாருக்கும் நான் பரிசளித்ததில்லை.

பிறர் வாழ்க்கையை வைத்துக் கதை கட்டும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: நூலகத்துக்குப் போகுமுன் எதிரே சாப்பிடுகிறவரிடம் கேளுங்கள்.

ஆ செங் தன் மகள் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். மேசையில் எல்லோர் முன்னாலும் குச்சிகள் இருந்தன. என் முன்னால் மட்டும் ஒரு பேசினில் தண்ணீர்.

"கையக் கழுவிக்க," என்றார் ஆ செங். "உன் இளவரசன் மாதிரியே சாப்பிடு லா."