நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பார்க்கப் போனோம்

அத்தான் கடலுக்கு அந்தக் கரையில், பக்கத்து நாட்டுச் சிறையில் கிடந்த சமயத்தில்தான் டெல்லியில் அரசாங்கத்தின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. டிவியின் அடியில் ஓடும் எத்தனையோ வரிகளில் அதுவும் ஒன்றாக ஓடிப் போயிருக்கும்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். திரேஸ்புரத்தில் இன்னொருவருடைய வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். நடுக்கடலில் மோட்டார் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டது. அந்த நாட்டு ரோந்துப் படகு வந்து வள்ளத்தோடு எல்லோரையும் பிடித்துப் போனது.

நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் அக்காவோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது நான்தான். போன இடமெல்லாம் ஒரே பதில். "மேலிடத்துக்குத் தகவல் சொல்லியாச்சும்மா."

"மேலிடம்னா எங்கன இருக்கு?" என்று அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள். அந்த அதிகாரி தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது.

எங்கள் ஏஜென்சி முதலாளிக்கு ஒரு எம்.பி.யைத் தெரியும். எங்கள் தொகுதிக்காரர் இல்லை, வேறொரு கடற்கரைத் தொகுதி, எதிர்க்கட்சி வரிசையில் ஒரு சின்னக் கட்சி. அவர் ஊருக்கு வந்திருந்தபோது அக்காவை அழைத்துப் போனேன். நன்றாகத்தான் பேசினார். உட்கார வைத்து, காபி வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இந்தத் தீர்மானம் தோத்துத்தான் போகும்மா. எண்ணிக்கை அவங்க பக்கம் இருக்கு. ஆனா ஒண்ணு, இந்த விவாதத்துக்கு மட்டும் பிரதமரே எந்திரிச்சுப் பதில் சொல்லியாகணும். வேற எந்த வழியிலயும் அவர் வாயத் தொறக்க வைக்க முடியாது. நான் உங்க விஷயத்தைப் பேசுதேன். அவர் பதில் சொல்லிட்டாருன்னா ஒரே வாரத்துல ஆளுக வந்துருவாங்க."

"நாங்க அங்கன வந்து உக்காந்து கேக்கலாமா?" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். பிறகு, அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்ததும், பாஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். சொன்னபடி வாங்கியும் தந்தார். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அக்கா அதற்கு முன் மதுரையைத் தாண்டியதில்லை. ரயிலில் போகும்போது முழுக்க ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஏளா, பிரதமரு எந்திரிச்சு நிக்கும்போது நம்மளப் பாப்பாரா?" மேலே பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்களைப் பார்க்க மாட்டார் என்றேன். "பாக்கலைன்னாலும் பரவால்ல. நான் அவரப் பாக்கணும்."

பாராளுமன்றச் சோதனை வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரி. பையை வாங்கினார்கள். அதுவும் சரி. அக்கா ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்த அத்தானின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னார்கள். காகிதம் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். புருஷன் படம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அந்தக் காவலர் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது, ஆனால் கை இளகவில்லை. கை தட்டாதே, கால் மேல் கால் போடாதே, முன்னால் சாயாதே, யாரையும் விரல் நீட்டிக் காட்டாதே என்று வரிசையாகச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள்.

மாடத்தில் உட்கார்ந்ததும் அக்கா முதலில் தேடியது பிரதமரின் நாற்காலியைத்தான். எதிரே முதல் வரிசையில் இருந்தது. காலி.

"வரலையே."

"பதில் சொல்லும்போதுதான் வருவாரு. இப்ப மத்தவங்க பேசுதாங்க."

"அப்ப இவங்க பேசுதத யாரு கேக்கா?"

கீழே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், ஐம்பது பேர் அவரைப் பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் கத்தியவர்களில் ஒருவர் எழுந்தார், இப்போது இந்தப் பக்கம் கத்தியது. ஒருவர் மற்றவரின் குடும்பத்தைப் பற்றி ஏதோ கிண்டல் செய்தார். ஒரு பக்கம் முழுக்கச் சிரித்துக்கொண்டே மேசையைத் தட்டியது.

"எதுக்குளா தட்டுதாவ?"

"சந்தோஷத்துல, யக்கா."

"என்ன சந்தோஷம்?" என்றாள். அவள் குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் நின்ற ஊழியர் உதட்டில் விரல் வைத்தார்.

எங்கள் பாஸுக்கு நேரம் குறித்திருந்தது. எம்.பி.யின் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஊழியர் வந்து எங்கள் வரிசையை எழுந்திருக்கச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். அக்கா எழவில்லை.

"எங்காளு இன்னும் பேசல. அவரு பேசி முடிக்கட்டும், போயிருதேன்."

ஊழியருக்குத் தமிழ் தெரியாது. மறுபடியும் கையைக் காட்டினார். அக்கா முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண் காவலர்கள் வந்து அவள் விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. குழந்தையின் கையிலிருந்து எதையோ வாங்குவதுபோல் ஒவ்வொரு விரலாக எடுத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

எம்.பி.யின் உதவியாளர் எங்களை அவருடைய குவாட்டர்ஸுக்கு அழைத்துப்போய் டிவியைப் போட்டுவிட்டார். வெகுநேரம் கழித்து எம்.பி.யை அழைத்தார்கள். சின்னக் கட்சிக்குச் சில நிமிடங்கள்தான். முதலில் தன் கட்சித் தலைவருக்கு நன்றி சொன்னார். பிறகு அவருடைய தொலைநோக்கைப் பற்றிச் சொன்னார். பிறகு ஒரு பாலம், ஒரு ரயில் பாதை, மறுபடியும் தலைவர். மணி அடித்தது. "கடைசியாக, எங்கள் மீனவர்கள் படும் துன்பத்தை இந்த அரசு" என்றார். மைக்கை நிறுத்திவிட்டார்கள். வாய் மட்டும் அசைந்தது. அவைத் தலைவர் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

சாயங்காலம் எம்.பி. வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா? விளாசிட்டேன்ல?"

அக்கா மெதுவாகத்தான் கேட்டாள். "எங்க ஆளுகளப் பத்திக் கடைசில சொன்னீயளே சார், அத மொதல்ல சொல்லியிருக்கலாமே?"

"பேச்சுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா. தலைமையைச் சொல்லாம ஆரம்பிக்க முடியாது."

அவர் கொடுத்த டீயை அக்கா தொடவில்லை.

பிரதமர் பதில் சொன்னபோது நாங்கள் ஊர் திரும்பும் ரயிலில் இருந்தோம். என் போனில் பார்த்தோம். சுரங்கம் வந்தால் படம் நிற்கும், மறுபடியும் ஓடும். அவர் மிக நீளமாகப் பேசினார். பழைய ஆட்சிகளைச் சொன்னார், எதிரே இருப்பவர்களைப் பெயர் வைத்துக் கிண்டல் செய்தார், அவர் பக்கம் மேசையைத் தட்டிற்று. எங்கள் கடலைப் பற்றி ஒரு சொல் வரும் என்று அக்கா போனை முகத்தருகே வைத்துக்கொண்டு கேட்டாள். வரவில்லை. அவர் பேச்சு முடிவதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து வெளிநடப்பு செய்தார்கள். எங்கள் எம்.பி.யும் அந்தக் கூட்டத்தில் போனார். பிறகு குரல் வாக்கெடுப்பு. தீர்மானம் தோற்றது.

எனக்கு வந்த கோபத்தில் பெரும்பங்கு ஜெயித்தவர் மேல் இல்லை. உங்கள் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று ஒரு தேசத்தின் முன்னால் சொல்லப் போனவர்கள், அதை வாய்விட்டுச் சொல்லவேண்டிய நேரத்தில் வெளியே வாசலில் நின்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்றாள். இவர்கள் விரலை யாரும் பிரித்து எடுக்கவில்லை. தாங்களாகவே போனார்கள்.

சில மாதம் கழித்து அங்குள்ள கோர்ட் அத்தானையும் மற்றவர்களையும் விட்டது. எப்போதும் விடுகிற முறைப்படிதான் விட்டது. வள்ளத்தை விடவில்லை. அத்தான் இளைத்து, தாடியோடு வந்தார். வந்த இரண்டாம் நாளே அவர் போனுக்கு அந்த வீடியோ வந்துவிட்டது. எம்.பி.யின் கட்சிக்காரர்கள் 'எங்கள் மீனவர்கள்' என்கிற அந்த ஒற்றை வரியை மட்டும் வெட்டி, முரசுச் சத்தம் சேர்த்து, சிங்கத்தின் படம் போட்டு அனுப்பியிருந்தார்கள். அத்தான் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பாத்தியா, நம்மளப் பத்திப் பேசியிருக்காவ. அவ்வளவு பெரிய எடத்துல! சும்மாவா?"

"நான் அந்த எடத்துல இருந்தேன்" என்றாள் அக்கா.

அவர் போனை அணைத்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். காலி நாற்காலியிலிருந்து வெளிநடப்பு வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையில் சோறு காய்ந்துபோனது. இடையில் ஒரு தடவை மட்டும், "என் போட்டோவத் திரும்பத் தந்தாவளா?" என்று கேட்டார். தந்தார்கள் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த நேரமாகப் பார்த்து, கட்சிக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். விடுதலையானவர்களுக்குப் பாராட்டு விழாவாம். எம்.பி. வந்து சால்வை போடுவாராம். அத்தான் உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை. நான்தான் வாசலில் நின்றேன்.

"வர மாட்டாரு" என்றேன்.

"ஏம்மா, அவைல உங்களுக்காகப் பேசினவரு வாராரு!"

தெருவில் நின்று நான் கத்தியது அன்றைக்குத்தான் முதல் தடவை. "எதுக்கு அண்ணாச்சி பாராட்டு? மோட்டாரு நின்னதுக்கா? செயில்ல கெடந்ததுக்கா? பதில் சொல்லாதவரு மேலயும் நம்பிக்கை இல்ல, பதிலக் கேக்காம எந்திரிச்சுப் போனவரு மேலயும் நம்பிக்கை இல்ல. போய்ச் சொல்லுங்க!"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காரில் ஏறினார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. அக்கா வந்து என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டு அவளும் என்னோடு வாசலிலேயே நின்றாள்.

அத்தான் இப்போது வேறொருவர் வள்ளத்தில் போகிறார். பழைய வள்ளம் இன்னும் அந்தக் கரையில் வெயிலில் கிடக்கிறது. மேல்பலகை பிளந்துவிட்டதாகப் பார்த்து வந்தவர்கள் சொல்கிறார்கள்.