மார்கழிக்குக் குடை

விடுமுறைக்குப் பருத்தித்துறை வந்த என் கணவரின் அண்ணன், கனடாவிலிருந்து எங்கள் மகளுக்கு ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். படிப்புச் சொல்லிக்கொடுக்குமாம். அவளுக்கு ஏழு வயது. வாய் ஓயாத பிள்ளை. ஆனால் கேள்வி கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லுவாள். பெட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் விரலை நீட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். வெயிலில் திரை தெரியாது. சத்தத்தைக் குறைக்க ஒரு பொத்தான் இல்லை. பற்றரியோ கொடுக்கக் கொடுக்கத் தின்னும். இதையெல்லாம் மன்னிக்கலாம். பிழை விட்டால் 'பேஏங்' என்று ஒரு சத்தம் போடும். அதைக் கண்டுபிடித்தவனுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்காது. இருந்தால் அதுகள் பாவம்.

அன்று நல்ல மார்கழி மழை, முற்றமெல்லாம் வெள்ளம். டிசம்பரில் வெளியே போக எது வேண்டும் என்று பெட்டி கேட்டது. குளிர்க்கோட்டு, குடை, பந்து என்று படங்கள். மகள் குடையை அமத்தினாள். பேஏங்.

"மழையெல்லோ பெய்யுது, பெரியப்பா."

"குளிர்க்கோட்டுத்தான் சரி. மெசினுக்குத் தெரியாததே உனக்குத் தெரியும்?" என்றவர், தானும் ஒருமுறை பேஏங் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்கு முன்னால் முதுகெலும்பில்லாத என் கணவர் கூடுதலாகச் சிரித்தார்.

அதிலிருந்து சோறு சிந்தினால் பேஏங். செருப்பை மாற்றிப் போட்டால் பேஏங். "பகிடிக்குத்தானே, நீ ஏன் கத்துறாய்?" என்றார் கணவர். பிள்ளையின் பேச்சு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். பெரியவர் விமானம் ஏறிய பிறகும் அந்தச் சத்தம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பள்ளிக்கூடம் தொடங்கியதும், மார்கழியில் வெளியே போக என்ன வேண்டும் என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். மகள் எழுந்து, "குளிர்க்கோட்டு" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

"ரெண்டு இடத்திலையும் பிழை அம்மா," என்றாள் வீட்டுக்கு வந்து.

பெட்டியைக் கல்லில் அடித்து உடைத்துக் குப்பைக் கிடங்கில் போட்டேன். வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரவு சாப்பாட்டுக்கு இருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே, பிள்ளை?"

யோசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள், தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நாங்கள் முந்துவதற்குள், தானே மெதுவாகப் பேஏங் என்றாள்.