றோஸ் நிறப் பிடி

தவராசாவின் அழைப்பு வந்தபோது நான் காலைத் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். "மிஸ், அத்தான் விடிய எழும்பல்ல" என்றார். என்ன செய்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா என்று நான் கேள்விகளை அடுக்க, "எழும்பல்ல மிஸ். நான் வட்டைக்குள்ள நிக்கிறன். றோட்டுக்கு ஏறி எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. "இப்ப றோட்டுக்கு வந்திட்டன் மிஸ். அத்தான் மோசம் போயிட்டார்."

வேளாண்மை வெட்டுகிற நாளில் வட்டைக்குள், அதாவது வயலுக்குள், நின்று சாவைச் சொல்லும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்பது தவராசாவின் கட்டுப்பாடு. அதற்காக மனிதர் கண்ணீரோடு வரப்பேறி நடந்திருக்கிறார். அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவருடைய அத்தான், எங்கள் டொக்டர், இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரு மாதத்துக்குச் சொல்லித் திரிந்திருப்பார்.

பல் வைத்தியர் அரசரெத்தினத்தை உங்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு இருந்தவர்கள். விறைப்பூசி போட்டுவிட்டு, அது பிடிக்கும்வரை கோல்ஃப் பற்றிப் பேசுவார். நாக்குத் தடித்துக் கிடக்கையில் யாரால் எதிர்த்துப் பேச முடியும்? சித்தாண்டியிலிருந்து கதிரவெளி வரைக்கும், பந்தைத் தொட்டே பார்க்காத விவசாயிகளும் மீனவர்களும் கோல்ஃப் விதிகளைச் சொல்லுவார்கள் என்றால் அதற்கு அந்த விறைப்பூசிதான் காரணம்.

நான் அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் இருந்தவள். டொக்டர் இளவயதில் மலைநாட்டில் வேலை பார்த்தபோது இந்த விளையாட்டைப் பழகிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்றதும், மனைவி மங்கை அக்காவுக்குச் சீதனமாக வந்த வயலில் விளையாடத் தொடங்கினார். சித்தாண்டிக்கு மேற்கே, வாவியின் கிளை ஓடை ஒன்று நுழைகிற வட்டை அது. மங்கை அக்காவின் தம்பி தவராசாதான் அதில் வேளாண்மை செய்கிறார். மாரிப்போகம் வெட்டி முடிந்து நிலம் காய்ந்ததும் எங்கள் மைதானம் தயார். பால்மா டின்களைப் புதைத்தால் குழி. கம்பில் பழைய சேலைத்துண்டு கட்டினால் கொடி. ஐந்து குழிதான். துணைக்கு ஆள் வேண்டும் என்று மங்கை அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அவ, "எனக்கு வெயில் ஒத்துவராது, மிஸ்ஸக் கூப்பிடுங்க" என்று என்னைக் கோர்த்துவிட்டா. முதல் நாள் நான் மட்டையை ஓங்கியபோது றோட்டால் போன ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, "பாம்பா மிஸ்? ஆள் வேணுமா?" என்று கேட்டார்.

தவராசா எங்களுக்கு இடம் தந்தது ஒரு நிபந்தனையோடு. கதிரைச் சூடடிக்கிற களத்தில் 'இல்லை', 'போச்சு', 'முடிஞ்சுது' என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? நெல்லையே 'பொலி' என்றுதான் சொல்வார்கள். இப்போது வெட்டுவதும் அடிப்பதும் மெசின்தான் என்றாலும் தவராசா அதை விடவில்லை. "பந்து விளையாடுங்க. ஆனா என்ட வட்டைக்குள்ள நிண்டு போச்சு, துலைஞ்சுது எண்டு கத்தினா மறுகா ஒருத்தரும் இஞ்ச வரப்படாது." கோல்ஃப் என்பதே பந்து தொலைகிற விளையாட்டு. நாங்கள் என்ன செய்வது? டொக்டரின் பந்து தண்ணீரில் விழும்போதெல்லாம் அவர் தொப்பியைக் கழற்றி, "பொலி" என்பார். நாளடைவில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் இந்த மனிதருக்குத்தான் எவ்வளவு விளைச்சல் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவருக்கு ஓர் அசையாத நம்பிக்கை இருந்தது: பிழை கையில் இல்லை, மட்டையில்தான். "ஆயுதம் சரியில்லாட்டிப் பல்லும் வராது, பந்தும் போகாது" என்பார். கொழும்பிலிருந்து பழைய மட்டைகள் இரவு பஸ்ஸில் சாக்குச் சுற்றிக்கொண்டு வரும். தலை பாரம் காணாது என்று, பல் படம் பிடிக்கும் ஃபிலிமுக்குள் இருக்கிற ஈயத்தாளை எடுத்து ஒட்டுவார். பந்தைத் தூக்கி வைக்கிற குச்சியைக் கடையில் வாங்காமல் பல் அச்சு எடுக்கிற சுதையில் வார்ப்பார். ஓர் அடிக்கு ஒன்று தூளாகும். தூரம் அளக்கிற கருவி ஒன்றை மருமகன் கனடாவிலிருந்து அனுப்பியபோது முதலில் அளந்தது சித்தாண்டி முருகன் கோயில் கோபுரத்தை. கோபுரத்தைக் குறிவைக்கிறாரே என்று மங்கை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டா.

இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு அவர் கழித்துவிட்ட ஏழாம் நம்பர் இரும்பு மட்டை ஒன்றுதான் என் சொத்து. அதை வைத்து நான் அவரை வென்றுகொண்டே இருந்தேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மிஸ், அது நல்ல மட்டை. தெரியாமத் தந்திட்டன். இன்டைக்கு மாத்துவமா?" என்றார். மாற்றினோம். அன்றைக்கும் அவர் பந்து தண்ணீரில்தான். மட்டையைத் திருப்பித் தந்து, "உங்கட்ட இருந்து பழுதாப் போயிட்டு" என்றார். சொன்ன பிறகுதான் தவராசா நிற்பதைக் கண்டு, அவசரமாக ஒரு பொலி சொன்னார்.

தண்ணீர், தண்ணீர் என்று சொல்கிறேனே, அது ஐந்தாவது குழி. கொடி ஓடைக்கு அங்கால் நிற்கும். நேராக அடித்தால் தாண்டிவிடலாம். இடப்பக்கம் ஓடை அகன்றுகொண்டே போய் வாவியில் சேர்கிறது. டொக்டரின் பந்து நேராகக் கிளம்பும், ஏதோ மறந்துபோனதுபோல் இடப்பக்கம் கிறுகும், விழும். எத்தனை வருடமோ, ஒரு பந்துகூட அக்கரையில் விழுந்ததில்லை. இதயத்துக்குள் குழாய் வைத்த பிறகு அந்த ஆசை அவருக்கு இன்னும் கூடிவிட்டது. "ஒருக்கா, மிஸ். ஒரே ஒருக்கா அங்கால விழுந்தாக் காணும். மறுகா எல்லா மட்டையையும் வித்துப்போட்டு மங்கையோட கோயில் கோயிலாத் திரிவன்." வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் சொல்லும்போது அக்கரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வாய்ப்பு ஒருமுறை வரத்தான் செய்தது. போன போகத்துக்கு முந்தைய போகம். ஓடைக்குள் எருமைகள் படுத்திருந்தன. டொக்டர் அடித்த பந்து தாழப் பறந்து ஒரு எருமையின் முதுகில் பட்டு எகிறி, அக்கரையில் கொடிக்குக் கிட்டவே போய் விழுந்தது. நானும் தவராசாவும் துள்ளினோம். மங்கை அக்கா குடையை மடித்துவிட்டு எழும்பி நின்றா. எருமை மட்டும் திரும்பியும் பார்க்கவில்லை. டொக்டர் மட்டையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, "அது எருமையின்ட அடி" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பந்தை எடுத்துத் தண்ணீருக்குள் அடித்தார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கோபத்தில் அன்றைக்கு அவருடைய வாக்கையே எடுத்து அவர்மேல் வீசினேன். பயிற்சிக்கு வருகிற இளம் வைத்தியர்களிடம் அவர் ஒன்று சொல்வார்: "பல்லப் பலத்தால எடுக்கப்படாது. அசைச்சு அசைச்சுக் கேளு. அது சம்மதிச்சாப் புறகு எடு." அதே மனிதர் பந்தை மட்டும் ஏன் இந்தக் கொலை அடி அடிக்கிறார்? கேட்டேன். "பல்லு மனிசன்ட வாய்க்குள்ள இரிக்கு, மிஸ். அதுக்கு நோகும்" என்றார். அவரோடு வாதாடி வென்றவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

கடைசி மாரியில் அவர் வெளியே அதிகம் வரவில்லை. விரல்கள் மரத்துப்போவதாகவும், பிடித்த சாமான் நழுவுவதாகவும் மங்கை அக்கா சொன்னா. வயல் பச்சையாக நின்ற காலம் அது. ஒருநாள் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மேசையில் ஒரு மட்டை, அதன் பிடி பளபளவென்று றோஸ் நிறம். கட்டுப்பல்லுக்கு முரசு, அதுதான் ஈறு, வைக்கிற அதே சாமான். மட்டையைப் பிடித்தபடி தன் இரண்டு கைகளையும் அச்செடுத்து, விரலுக்கு விரல் பள்ளம் வைத்து வார்த்திருக்கிறார். "இனிக் கை பிடிக்கத் தேவையில்ல. மட்டை என்னப் பிடிக்கும்" என்றார். குழந்தை முகம்.

நான் பிடியைத் திருப்பிப் பார்த்தேன். வலது கைப் பள்ளங்கள் மேலே இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், அடியில், உள்ளங்கை வானம் பார்க்கிற மாதிரி இருந்தன. குறடு பிடித்துப் பல்லுப் பிடுங்கிய கை அப்படித்தான் பிடிக்கும். பந்தை இத்தனை காலமும் இடப்பக்கம் இழுத்தது அந்தக் கைதான். அதை நானும், அவர் பார்த்த அத்தனை வீடியோக்களும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தோம்.

"டொக்டர், பிழையையே அச்செடுத்து வச்சிரிக்கிறீங்க."

வாங்கி ஒரு தரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். மங்கை அக்கா தண்ணீரோடு ஓடி வந்தா. குடித்துவிட்டு, ஒரு வைத்தியரின் குரலில் சொன்னார்: "நல்லம். இனி இந்தப் பிழை மாறாது. மாறுற பிழைக்குத்தான் மருந்தில்ல. பல்லு வளைஞ்சிருந்தா நாமதான் வளைஞ்சு நிண்டு எடுக்கணும். இந்தமுறை நான் கொடியப் பாக்க மாட்டன். வலப்பக்கம் நிக்கிற மருதமரத்தப் பாத்து அடிப்பன். அது தானாக் கிறுகிக் கொடிக்குப் போகும்."

அவர் விளையாட்டைப் பற்றி அவரிடம் நான் கேட்ட முதல் புத்தியான பேச்சு அது. வெட்டு முடியட்டும் என்று காத்திருந்தார். வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதுதான் தவராசா எனக்கு அழைத்தார்.

செத்த வீட்டுக்கு வந்த கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். அழுதவர்களைவிடக் கதை சொன்னவர்கள்தான் அதிகம். பெரியகல்லாற்றிலிருந்து வந்த ஒருவர் வாயைத் திறந்து, டொக்டர் கட்டிய பல்லை எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள் அமுதுச் சடங்கு முடிந்த பின்னேரம் மங்கை அக்கா அந்த மட்டையைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. "ஒருக்கா அடிச்சுப் பாருங்க மிஸ். அவர் கண்டுபிடிச்சது சரியோ எண்டு எனக்குத் தெரியணும்." அவ்வளவுதான் சொன்னா. நாங்கள் மூவரும் வட்டைக்குப் போனோம். தவராசா அக்கரைக்குப் போய்க் கொடி நட்டுவிட்டு வந்தார்.

டொக்டரின் விரல் பள்ளங்களுக்குள் என் விரல்களை வைத்தேன். அவருக்குத் தடித்த விரல்கள். என் விரல்களைச் சுற்றி இடம் மிஞ்சியது. என் வலது கை அவர் கைபோலவே அடிக்குப் போய் மல்லாந்தது. அடித்தேன். பந்து நேராகக் கிளம்பி, நினைவு வந்ததுபோல் இடப்பக்கம் கிறுகி, அவர் பந்துகள் எப்போதும் விழுகிற அதே இடத்தில் விழுந்தது. மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்துவிட்டோம். மனிதர் எங்கள் நடுவில் நின்றதுபோல இருந்தது.

"கொடியப் பாத்து அடிச்சிட்டீங்க" என்றா மங்கை அக்கா. "மருதமரத்தப் பாக்கச் சொன்னாரே."

இரண்டாவது பந்தை வைத்தேன். கொடிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மருதமரத்துக்கு நேராக நின்றேன். அப்படி நிற்கும்போது மனம் கேட்கவில்லை. கண் கொடிக்குத்தான் ஓடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்து அடித்தேன். பந்து மரத்துக்கென்று கிளம்பியது. ஓடைக்கு மேலே போனதும் இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்து சாய்ந்து, தண்ணீரைத் தாண்டி, அக்கரையில் வெட்டிய நெல்தாளுக்குள் விழுந்து கொடிப்பக்கம் உருண்டது.

நான்தான், "இது மிஸ்ஸின்ட அடி எண்டுதான் சொல்லுவார்" என்றேன். எருமையின் அடியையே தன் கணக்கில் எடுக்காத மனிதர் இதை எடுப்பாரா?

மங்கை அக்கா பிடியைத் தொட்டுப் பார்த்தா. "கை அவர்ட கை" என்றா.

தவராசா தலைத்துண்டைக் கழற்றினார். வெட்டு முடிந்து நெல்லும் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மற்றவர்கள் வயலுக்குள் எந்தச் சொல்லையும் சொல்லுகிற காலம். ஆனாலும் அவர் ஓடையைப் பார்த்து, மெதுவாக, "பொலி, அத்தான்" என்றார்.

அந்த மட்டை இப்போது என் வீட்டில் இருக்கிறது. பள்ளங்களை நிரப்பி என் விரலுக்கு அளவாக்கித் தரலாம் என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். என் விரலைச் சுற்றி மிஞ்சுகிற அந்த இடம் டொக்டருடையது. அடுத்த போகம் வெட்டியதும் மருதமரத்தைப் பார்த்து அடிக்கப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள்.