சத்தம் போடாத பூனை

வேடசந்தூர் நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ராமுத்தாய்க்குச் சத்தம் என்றாலே எரிச்சல். அதனால்தான், கத்தாத சாதி என்று விற்றவர் சொன்ன பெர்சியன் பூனையை வாங்கி வீட்டுக்குள்ளேயே வளர்த்தாள். தினமும் முடி சீவிவிட்டாள். ஆனால் சோற்றுத் தட்டைப் பார்த்து அது வாயைத் திறக்கும், துளிச் சத்தம் வராது. குழம்பிப்போய், திண்டுக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள்.

“எனக்குன்னு வாச்சது ஊமையா போச்சே டாக்டர்.”

“ஊமையா? வந்ததுலருந்து கத்திக்கிட்டேதானம்மா இருக்கு.”

மில் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவள். இதையும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். பூனை மறுபடி வாயைத் திறந்தது.

டாக்டர் சீட்டு எழுதக் குனிந்தார். அவர் இன்னும் பேசுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.